உடலுக்கு இயைந்த கருவி: நீர்க்களி காட்டும் நெறி
(திங்கட் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



மாந்தனின் உடல் மென்மையானது. அவன் செய்த கருவிகளோ வன்மையானவை. உடலின் எடையில் பாதிக்கு மேற்பட்டது நீர். மின்கருவிக்கோ நீரே முதற்பகை. ஒரு துளி நீர் உட்புகுந்தால் கைப்பேசி ஊமையாகிவிடும். தோலை இழுத்தால் நீளும், மடக்கினால் மடங்கும், விட்டால் பழைய நிலைக்கு மீளும். மின்னணுக் கருவிகளின் உயிராகிய சிலிக்கனோ இழுத்தால் நீளாது, மடக்கினால் முறியும். அதன் விறைப்பு தோலின் விறைப்பைவிட நூறாயிரம் மடங்குக்கும் மேற்பட்டது.

இவ்விரண்டையும் ஒன்றோடொன்று ஒட்டிவைத்தால் விட்டுக்கொடுப்பது எது? கருவி வளையாது. ஆகவே உடலே வளைந்து கொடுக்கிறது. நெஞ்சத் துடிப்பைப் பதியும் கம்பிகளைப் பூண்டு, புரண்டு படுக்கவும் அஞ்சிக் கிடக்கும் நோயாளியை எண்ணிப் பாருங்கள். திங்கள் நிறையாமற் பிறந்த குழவியின் தோல் வெங்காயத் தோல் போன்றது. அளவி ஒட்டிய பட்டையைப் பிரிக்கும்போது தோலும் உடன் உரிந்துவிடக் கூடும் என்பதைச் செவிலியர் நன்கறிவர். உயிர் காக்க வந்த கருவியே ஊறு செய்கிறது.

கருவிக்கேற்ப உடல் வளைவதா? உடலுக்கேற்பக் கருவி வளைவதா? இந்த வினாவுக்கு அறிவியலார் கண்ட விடை வியப்புக்குரியது. கருவிக்குப் பகையென்று ஒதுக்கப்பட்ட நீரையே கருவியின் உடலாக்கினர் என்பதே அவ்விடை. அதன் வரலாற்றையும் இயல்பையும் முறையே காண்போமாக.

நீர்க்களி யாது?

ஐதரோசெல் என மேலைநாட்டார் வழங்கும் பொருளையே இங்கு நீர்க்களி என்கிறோம். நுங்குச் சுளையை நோக்குக. கையில் எடுத்தால் திண்பொருள். பல்லிற் பட்டால் நீர். வேனிற்காலத்தில் நீரில் இடும் திருநீற்றுப்பச்சை விதையை நோக்குக. எள்ளினும் சிறிய விதை, சற்று நேரத்தில் தன்னைச் சூழ ஒரு வழுவழுப்பான நீர்ப்போர்வையைத் திரட்டிக்கொள்கிறது. அந்நீர் வழிந்தோடுவதில்லை. ஏன்?

நீரை விரும்பும் நெடுஞ்சங்கிலி மூலக்கூறுகள் அங்கே ஒன்றோடொன்று முடிச்சிட்டு வலையாகி நிற்கின்றன. வலையின் கண்தோறும் நீர் தங்குகிறது. சங்கிலிகள் நீரில் கரைய விழைகின்றன. முடிச்சுகளோ அவற்றைப் பிரியவிடாமல் பிடிக்கின்றன. இவ்விரு விசைகளும் ஒத்து நிற்கும் நிலையே களிநிலை. நூறு பங்கில் தொண்ணூறு பங்கு நீராயினும், எஞ்சிய பத்துப் பங்கு வலை அதற்கு வடிவம் தந்து நிறுத்துகிறது. உடலின் தசையும் குருத்தெலும்பும் இத்தகைய அமைப்பினவே. ஆகலின் நீர்க்களியை உடல் தன் இனமாகக் கொள்வதில் வியப்பில்லை.

விளையாட்டுப் பொருளிற் பிறந்த வில்லை

இப்பொருளை உடலில் அணியும் கருவியாக முதன்முதல் ஆக்கிக் காட்டிய பெருமை செக் நாட்டு வேதியியல் அறிஞர் ஓட்டோ விக்தர்லே என்பாரைச் சாரும். 1913ஆம் ஆண்டு மொராவியாப் பகுதியில் பிறந்தவர் அவர். செருமானியர் அந்நாட்டைக் கைப்பற்றிச் செக் பல்கலைக்கழகங்களை மூடிய காலத்தில், ஒரு காலணி நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பணிசெய்து, செக் நாட்டின் செயற்கை இழையாகிய சிலோனை உருவாக்கினார். 1942இல் செருமானிய உளவுக் காவலர் அவரைச் சிறையிலும் அடைத்தனர்.

போர் முடிந்தபின், 1952ஆம் ஆண்டு, அவர் ஓலொமோவுத்சு நகரிலிருந்து பிராகு நகருக்குத் தொடர்வண்டியில் சென்றுகொண்டிருந்தார். உடன் பயணம் செய்த ஒருவர் கண் மருத்துவக் கட்டுரை ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தார். கண்ணுள் பொருத்தும் மாழைக் கருவி பற்றியது அக்கட்டுரை. கண்ணென்னும் மென்மைக்குள் மாழையா? நீரை உட்கொள்ளும் மென்னெகிழியே அதற்கு ஏற்றதென விக்தர்லே எடுத்துரைத்தார். அவ்வுரையாடலே அவர்தம் வாழ்நாள் ஆய்வுக்கு வித்தாயிற்று. அவரும் அவர்தம் துணையாய்வாளர் திரகோசுலாவ் லீம் என்பாரும் நீரையும் உயிர்வளியையும் உட்புக விடும் ஒரு நீர்க்களியைச் செய்தனர். 1960இல் 'நேச்சர்' இதழில் அதனை உலகிற்கு அறிவித்தனர்.

ஆயின் ஆய்வாளரின் வழி பூப்பரப்பிய வழியாக இல்லை. 1958ஆம் ஆண்டு, ஆளுங்கட்சியின் அரசியற் களையெடுப்பில், பிராகு வேதித் தொழில்நுட்பக் கல்லூரியிலிருந்து அவர் வெளியேற்றப்பட்டார். பின்னர் வேறோர் ஆய்வு நிறுவனத்தில் இடம் கிடைத்தபோதும், விழிவில்லை ஆய்வுக்கு அரசின் ஆதரவு நிலைக்கவில்லை. வில்லைகளை அச்சில் வார்த்து எடுக்குங்கால் விளிம்புகள் கிழிந்துபோயின. கிழிந்த விளிம்பு கண்ணை உறுத்திற்று.

1961ஆம் ஆண்டு கிறித்துமசு விழாநாளில் அவர் தம் வீட்டு அடுக்களை மேசையில் அமர்ந்தார். சிறுவர் பூட்டிப் பிரித்து விளையாடும் மெர்க்கூர் என்னும் இரும்புத்துண்டுப் பொம்மைத் தொகுதி. மிதிவண்டி விளக்குக்குரிய மின்னாக்கி. அழைப்பு மணிக்குரிய சிறு மின்மாற்றி. இவையே அவர்தம் பொறிப்பட்டறை. குடத்து நீரைச் சுழற்றினால் நடுவே குழி விழுவதைக் காணாதார் யார்? அவ்வுண்மையே அவருக்குத் துணையாயிற்று. சுழலும் சிறு குழியச்சில் நீர்மத்தை இட்டார். சுழற்சியால் நீர்மத்தின் மேற்பரப்பு தானே வில்லை வடிவு கொண்டது. அந்நிலையிலேயே இறுகிக் களியாயிற்று. விளிம்பும் கிழியவில்லை. முதல் நான்கு வில்லைகள் அன்று பிறந்தன. 1962ஆம் ஆண்டின் முதல் நான்கு திங்களில் அவரும் அவர்தம் மனைவியாரும் வீட்டிலிருந்தே 5,500 வில்லைகளைச் செய்து முடித்தனர்.

இன்று உலகெங்கும் கோடிக்கணக்கானோர் விழியில் அணியும் மென்வில்லையின் தோற்றம் இதுவே. கண்ணாடியாலும் வன்னெகிழியாலும் ஆன பழைய வில்லைகளைக் கண் பொறுத்துக்கொண்டது. நீர்க்களி வில்லையோ கண்ணைப் பொறுத்துக்கொண்டது. உடலுக்கேற்பக் கருவி வளைந்த முதற்படி அது.

கண்ணிலிருந்து தோலுக்கு

விழிவில்லை ஒளியை மட்டும் கடத்துவது. மின்னைக் கடத்தும் கருவியாக நீர்க்களி வளர்ந்தது எங்ஙனம்?

செப்புக் கம்பியில் மின்னோட்டம் நிகழ்வது மின்னணுக்களால். உடலில் மின்னோட்டம் நிகழ்வதோ உப்புக் கரைந்த நீரில் உலவும் அயனிகளால். நெஞ்சத்தின் ஒவ்வொரு துடிப்பும், நரம்பின் ஒவ்வொரு செய்தியும் அயனிகளின் இயக்கமே. ஆகவே கம்பிக்கும் உடலுக்கும் இடையே ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவை. நெஞ்சத் துடிப்பு வரைவு எடுக்கும்போது மார்பிலும் கைகால்களிலும் மருத்துவர் தடவும் குளிர்ந்த களியின் பணி அதுவே. நெஞ்சத்திலிருந்து தோலை வந்தடையும் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டின் ஆயிரத்தில் ஒரு பங்களவே. அக்களியில் உள்ள உப்பயனிகள் அம்மெல்லிய குறிப்பை ஏற்று, வெள்ளியும் வெள்ளிக் குளோரைடும் கொண்ட முனையில் சேர்க்கின்றன. அங்கே அது மின்னணுக்களின் ஓட்டமாக மாறிக் கம்பிவழிச் செல்கிறது.

மருத்துவமனைகளில் நெடுங்காலம் ஓர் இடைத்தடவலாக மட்டுமே இருந்த இக்களியைக் கருவியாகவே ஆக்கினால் என்னவென்று ஆய்வாளர் எண்ணினர். எண்ணியவர்க்கு முதல் தடை அதன் வலுவின்மை. நுங்கைக் கயிறாக முறுக்க இயலுமா? கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்சினேட்டு என்னும் பொருளாற் செய்த களி, தன் நீளத்தைப்போல் 1.2 மடங்கு நீள்வதற்குள் அறுந்துபோகும்.

இத்தடையை உடைத்த முதற்பெருஞ்செயல் 2003ஆம் ஆண்டு சப்பான் நாட்டில் நிகழ்ந்தது. ஒக்கைடோ பல்கலைக்கழகத்தில் சியான் பிங் கோங் என்னும் பெண் அறிஞரும் அவர்தம் குழுவினரும் இருவலைக் களியை ஆக்கினர். ஒன்று இறுக்கமான வலை. மற்றொன்று நெகிழ்வான வலை. இரண்டும் ஒன்றனுள் ஒன்றாய்ப் பின்னியிருக்கும். இழுவிசை வந்துறும்போது இறுக்கமான வலை ஆங்காங்கே அறுந்து, அவ்விசையின் ஆற்றலைத் தான் வாங்கிக்கொள்ளும். நெகிழ்வான வலை அறாமல் நின்று முழுப்பொருளையும் காக்கும்.

2012ஆம் ஆண்டு அமெரிக்க ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் சிகாங் சுவோ, சியோங்யுன் சுன் முதலியோர் மேலும் ஒருபடி சென்றனர். ஆல்சினேட்டு வலையைக் கால்சியம் அயனிகளால் முடிச்சிட்டனர். அதனோடு பாலிஅக்ரிலமைடு என்னும் செயற்கைச் சங்கிலிகளின் வலையைப் பின்னினர். இழுக்குங்கால் கால்சிய முடிச்சுகள் அவிழ்ந்து விசையை வாங்கும். விட்டபின் அவற்றுள் பல மீண்டும் முடிந்துகொள்ளும். ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு நீரேயான அக்களி, தன் நீளத்தைப்போல் இருபது மடங்குக்கு மேல் நீண்டது. அதனைக் கிழிக்க ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 9,000 சூல் ஆற்றல் தேவைப்பட்டது. இயற்கை இரப்பரைக் கிழிக்க வேண்டுவது ஏறத்தாழ 10,000. நீர் இரப்பருக்கு நிகராயிற்று!

தனித்தனியே நோக்கின் இருவகை வலைகளும் வலுவற்றவை. ஒன்றோடொன்று பின்னியவிடத்து உண்டான வலிமையே இஃது.

அவ்வலையுள் ஒன்றாகிய ஆல்சினேட்டைப் பற்றி இங்கு ஒரு சொல் கூறவேண்டும். அது பழுப்புக் கடற்பாசிகளிலிருந்து கிடைப்பது. மன்னார் வளைகுடாவில், இராமநாதபுரக் கரையோரப் பெண்கள் மூச்சடக்கி மூழ்கி, துணி சுற்றிய விரல்களால் பாறையினின்று பறித்துவந்த கட்டக்கோரையும் அவ்வினப் பாசியே. பாசியைப் பறிக்கும் கைக்கும் அதனாற் செய்த பொருளை அணியும் கைக்கும் இடையே உள்ள தொலைவு மிகப்பெரிது. அத்தொலைவை அறிவொன்றே குறைக்க வல்லது.

பாடும் களியும் எழுதும் களியும்

2013ஆம் ஆண்டு அதே ஆர்வர்டுக் குழுவினர், உப்பு கலந்த இரு நீர்க்களிப் படலங்களுக்கு இடையே ஒரு மெல்லிய இரப்பர்ப் படலத்தை வைத்தனர். மூன்றும் ஒளி ஊடுருவுவன. மின்னழுத்தம் மாறுந்தோறும் இரப்பர் அதிர்ந்தது, இசை எழுந்தது! கண்ணுக்குப் புலனாகா ஒலிபெருக்கி ஒன்று நீரால் ஆயிற்று.

நீரில் மின்செலுத்தினால் நீர் ஐதரசனாகவும் உயிர்வளியாகவும் பிரிந்துவிடாதோ எனச் சிலர் வினவலாம். நல்ல வினா. மாழையும் களியும் தொடும் இடத்தில் மின்னழுத்தம் ஏறத்தாழ ஒரு வோல்ட்டுக்குக் கீழே இருப்பின் நீர் பிரிவதில்லை. அங்கே மின்னணுக்கள் ஒருபுறமும் அயனிகள் மறுபுறமும் கடவாமல் எதிரெதிர் அணிவகுத்து நிற்கும். மாறி மாறி வரும் மின்குறிப்பு அவ்வணிவகுப்பின்வழியே செல்லும். இக்கருவியிற் செலுத்திய பல்லாயிரம் வோல்ட்டு அழுத்தத்தில் பெரும்பங்கை இடையிலுள்ள இரப்பர் தாங்கிக்கொள்ள, களியெல்லையில் விழுவது சிறுபங்கே. ஆகவே 10,000 வோல்ட்டுக்கு மேலும் அக்கருவி இயங்கிற்று.

2016ஆம் ஆண்டு, சியோங்யுன் சுன் தம் தாயகமாகிய தென்கொரியாவில், சியோல் நகரத்து நாட்டுப் பல்கலைக்கழகத்தில் தம் குழுவினருடன் தொடுபலகை ஒன்றைச் செய்தார். பாலிஅக்ரிலமைடுக் களியில் இலித்தியம் குளோரைடு என்னும் உப்பைக் கலந்த படலம் அது. அதன் மூலைகளில் சிறிதளவு மாறுமின்னழுத்தம் இருக்கும். விரல் தொட்ட இடத்திலிருந்து மின்னோட்டம் விரல்வழி இறங்கும். எம்மூலையிலிருந்து எவ்வளவு வந்ததெனக் கணக்கிட்டால் தொட்ட இடம் விளங்கும். தன் பரப்பைப்போல் பத்து மடங்குக்கு மேல் விரியுமாறு இழுத்தபோதும் அது பணி செய்தது. முன்கையின்மேல் அதனை ஒட்டிச் சொற்களை எழுதினர். இசைக்கருவியின் கட்டைகளை இயக்கினர். கணிப்பொறி விளையாட்டும் ஆடினர்.

உடலின் அசைவை அளப்பது இன்னும் எளிது. ஒரு களிப்பட்டையை இரு மடங்கு நீட்டினால் அதன் குறுக்குப்பரப்பு பாதியாகும். நீளம் இரட்டித்துப் பரப்பு பாதியானமையால் மின்தடை நான்கு மடங்காகும். விரல் மூட்டின்மேல் ஒட்டிய பட்டை, விரல் எத்துணை மடங்கிற்றென்பதை மின்தடையாற் கூறிவிடும். வாதநோயால் கைவிழுந்தவர் பயிற்சியின்போது நாள்தோறும் எவ்வளவு தேறிவருகிறார் என்று அளப்பதற்கு இத்தகைய பட்டைகளை ஆய்வாளர் வடிவமைத்து வருகின்றனர்.

தீராக் குறைகள்

புகழ்ச்சியோடு நிறுத்தினால் அஃது அறிவியல் ஆகாது. நீர்க்களிக்குக் குறைகளும் உள.

முதற்குறை காய்தல். வெளியில் வைத்த நுங்கு சுருங்குவதுபோல் களியும் சுருங்கும். சுருங்கினால் விறைக்கும், மின்கடத்துந் திறமும் குன்றும். இதற்கு மாற்றாகக் காற்றின் ஈரத்தைத் தன்பால் இழுக்கும் இலித்தியம் குளோரைடைக் கலக்கின்றனர், கிளிசரினைச் சேர்க்கின்றனர், நீராவி எளிதிற் கடவாத இரப்பர்ப் படலத்தால் மூடுகின்றனர். எனினும் ஒவ்வொரு மாற்றும் ஒரு விலை கேட்கும். உப்பு மிகுந்தால் தோலை உறுத்தும் என்பதனால் களிக்கும் தோலுக்கும் இடையே தடுப்புப் படலம் வேண்டும். மூடினால் வியர்வை வெளியேறாது.

இரண்டாங்குறை உறைதல். கடுங்குளிரில் நீர் பனிக்கட்டியாகி வலையைக் கெடுக்கும். மூன்றாங்குறை ஒட்டுதல். வியர்த்த தோலில் நழுவாமலும் வேண்டாதபோது வலிக்காமலும் பிரியும் ஒட்டுதலை அடைவது அரிது. நான்காங்குறை நினைவாற்றலும் கணக்கீடும். களி உணரும், ஆயின் கணிக்க இன்னும் சிலிக்கன் சில்லும் மின்கலமும் வேண்டும். மென்மையும் வன்மையும் கூடும் அவ்விளிம்பிலேயே கருவிகள் பெரும்பாலும் பிரிந்து பழுதாகின்றன. ஆகலின் ஆய்வுக்கூடத்தில் மின்னிய பலவும் கடைக்கு வந்து சேரவில்லை.

அளவு யாருக்கு உரியது?

குறைகள் ஒருநாள் தீரும். அன்று எழும் வினா வேறு. தோலோடு தோலாய் ஒட்டிய கருவி உடலின் மறைவை எல்லாம் அறியும். துடிப்பு, வியர்வையின் உப்பு, உறக்கம், நடுக்கம் யாவும் அதன்வழி எண்களாகும். அவ்வெண்கள் யாருக்கு உரியவை? அணிந்தவருக்கா, செய்து விற்றவருக்கா? கருவி மென்மையாக இருப்பதனாலேயே அது தன்மேல் இருப்பதை மாந்தன் மறந்துவிடுவான். மறந்தவனிடமிருந்து எடுப்பது எளிது. உடலுக்கேற்பக் கருவி வளைதல் வேண்டும் என்னும் நெறி, வடிவத்தோடு நின்றுவிடலாகாது. கருவியின் பயனும் உரிமையும் அவ்வுடலுக்கு உரியவன் பக்கமே வளைதல் வேண்டும்.

விக்தர்லேயின் வரலாறு இதற்கும் ஒரு படிப்பினை தருகிறது. அடுக்களையிற் பிறந்த அவ்வில்லையின் காப்புரிமையைச் செக்கோசுலோவாக்கிய அறிவியற் கழகம் 1965இல் அமெரிக்க நிறுவனம் ஒன்றற்கு விற்றது. 1971இல் அமெரிக்க அரசு ஒப்புதல் வழங்க, பாசு-லோம்பு என்னும் நிறுவனம் மென்வில்லையைச் சந்தைக்குக் கொணர்ந்தது. பெரும்பொருள் கடல் கடந்து குவிந்தது. அதனைக் கண்டவரோ, 1968இல் உரிமை வேண்டிய அறிக்கையிற் கையெழுத்திட்டமைக்காக, 1970இல் தம் நிறுவனத் தலைமையை இழந்தார். ஆயினும் ஆய்வை விட்டாரல்லர். இருபதாண்டு கழித்து ஆட்சி மாறியபின், 1990இல் அதே அறிவியற் கழகத்தின் தலைவராக அமர்ந்தார். 1998இல் மறைந்தார்.

அவையீர்! பொம்மைத் தொகுதியும் மிதிவண்டி மின்னாக்கியும் எந்த ஊரிலும் கிடைப்பவை. சுழலும் நீரிற் குழி விழுவதை எந்தச் சிறுவனும் கண்டிருப்பான். பிராகு நகரத்து அடுக்களையில் கூடுதலாக இருந்தவை இரண்டு: பொருளின் இயல்பை அடியோடு அறிந்த கல்வி, தள்ளியபோதும் தளராத உள்ளம். பள்ளிப் பிள்ளைகட்கு நீர்க்களியைக் கற்பிக்க விரும்பும் ஆசிரியர் ஒரு நுங்கையும் ஒரு பிடி திருநீற்றுப்பச்சை விதையையும் கொண்டு வகுப்பிற்குச் செல்க. இது நீரா, திண்பொருளா என வினவுக. பிள்ளைகள் வழக்காடட்டும். அவ்வழக்கிலிருந்து ஒரு கை நாளை எழும். திங்கள் நிறையாமற் பிறந்த குழவியின் தோலைக் கிழிக்காத அளவியை அக்கை செய்யும்.